தார் ரோட்டுக்கு நாடி பார்த்தவர்

நடுரோட்டில் ஒருவர் குப்புறப் படுத்து, தாரின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஆம்புலன்சுக்குப் போன் போடுவோம். சலூன் இருக்கும் தெருமுக்கில் கூடியிருந்த ஜனங்களோ கைகட்டி நின்றார்கள்.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் பூமி டாக்டர். ஒருவரும் விடவில்லை. அப்படி ஒரு பக்தி!

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "பூமிக்குப் பயங்கரக் கோபம். இந்த முக்குல ரத்தம் கேக்குது."

முக்கு ரத்தம் கேட்டது உண்மைதான். திருப்பம் அத்தனை அகலம். எந்த வண்டியும் அங்கே பிரேக்கைத் தொடுவதில்லை. சலூனின் கண்ணாடிக் கதவை இரண்டு முறை வேன் முட்டிப் பெயர்த்திருந்தது. அங்கே அடிபட்ட எதிர்வீட்டு டீச்சர் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். சலூன்காரரின் மகள் பள்ளிக்கூடம் போக அந்த முக்கைத்தான் கடந்தாக வேண்டும். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நிற்பார். உள்ளே வாடிக்கையாளரின் முகத்தில் நுரை காய்ந்து இழுக்கும். ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட கோபத்துக்கு டாக்டரிடம் என்ன மருந்து? செம்பு ஆணி! முக்கில் ஒரு பெரிய ஆணி, தெருக்காரர்களின் பொதுச் செலவில். ஒவ்வொரு வீட்டுக் கதவு நிலையிலும் ஒரு சின்ன ஆணி, அவரவர் சொந்தச் செலவில். அப்புறம் ஒரு வாரம், பெரிய ஆணியைச் சுற்றி ஜனங்கள் முறைபோட்டு ரோட்டிலேயே நிற்க வேண்டும். "உங்க நம்பிக்கை ஆணிக்குள்ள இறங்கணும் இல்லையா?" என்றார். நம்பிக்கை இறங்கியதோ இல்லையோ, அவர் பெட்டியிலிருந்து ஆணிகள் மளமளவென்று இறங்கின.

என்ன அதிசயம்! அந்த வாரம் முழுக்க வண்டிகள் பூனை மாதிரி வந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் பொறாமையில் ஆணி கேட்டு வந்துவிட்டார்கள்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் இந்த அதிசயம் பிடிக்கவில்லை. அவள் சலூன்காரரின் மச்சினி. நகராட்சியில் தெருக்களை வடிவமைக்கும் பொறியாளர். முக்கைக் குறுக்கி, பிள்ளைகள் கடக்கிற இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்க அவள் வரைபடம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தெருக்காரர்கள் கை தூக்கினால் வேலை தொடங்கும்.

தூக்குவதில்தான் சிக்கல். முக்கைக் குறுக்கினால் சலூன் வாசலில் வாடிக்கையாளர்கள் வண்டி நிறுத்த முடியாது. மளிகைக்கடைக்காரர் கொஞ்ச தூரம் மூட்டை தூக்க வேண்டும். ஆணியில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாத வைத்தியம் என்றால் நமக்கு நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது!

ஞாயிறு காலை மச்சினி சலூனுக்கு வந்தாள்.

"மாமா, ஒரு வாரமா வண்டியெல்லாம் ஏன் மெதுவா வருது?"

"ஆணிம்மா!"

"ரோட்டுல இருவது பேர் நின்னா எவன் மெதுவா வரமாட்டான்? நீங்க நின்னதால ரோடு குறுகிச்சு. அதையேதான் நான் கல்லு வெச்சுப் பண்ணலாம்னு சொல்றேன். இன்னையோட எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்குப் புள்ளை எப்படிக் கடப்பா?"

சலூன்காரர் முக்கை ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அதான் ஆணி இருக்குல்ல!"

முக்கிலேயே நடந்த கூட்டத்தில் பூமி டாக்டர் முழங்கினார். "ரோட்டை மேடாக்கினா பூமிக்கு மூச்சு முட்டும்! என் ஆணி போதும். இனிமே நீங்க காவல் நிக்கக்கூட வேண்டாம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மச்சினி எழுந்தாள். "ரொம்ப சந்தோஷம் சார். உங்க புதுக் காரை எப்பவும் அடுத்த தெருவுலயே விடுறீங்களே? இன்னைக்கு அந்த ஆணி பக்கத்துல நிறுத்துங்களேன். நாங்க நடைபாதைக்குப் போயிடறோம்."

"அது... அங்க வெயில் படும்மா."

"நம்ம கடை நிழல் இருக்கு சார்!" என்று சலூன்காரர் பாய்ந்து வந்தார். மச்சினியின் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "சாவியைக் கொடுங்க, நானே கொண்டாறேன்."

"இன்னைக்கு வண்டிக்கு நேரம் சரியில்லப்பா."

"நம்ம ஆணி இருக்கறப்ப நேரம் என்ன சார் பண்ணிடும்?" என்றார் மளிகைக்கடைக்காரர். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிரியிடமிருந்து தப்பிக்கலாம், பக்தர்களிடமிருந்து எங்கே தப்பிப்பது? சாவி கைமாறியது.

பளபளவென்று கார் ஆணியருகே நின்றது. மச்சினி பிள்ளைகளைக் கடைகளுக்குள் அனுப்பினாள். பெரியவர்கள் நடைபாதையேறிச் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு வாரம் கழித்து அன்றுதான் ரோடு காலியாயிற்று.

ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று திரும்பிப் போனது. டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். ஒரு வேன் டயர் கிறீச்சிட, காரை மயிரிழையில் தாண்டியது. டாக்டருக்குக் கைக்குட்டை போதவில்லை. தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டதும் மனிதர் குதித்தார்.

"ஐயோ, எல்லாரும் ரோட்டுக்கு வாங்கய்யா! சீக்கிரம் வந்து நில்லுங்க!"

"எதுக்கு சார்? ஆணிதான் இருக்கே" என்றார் சலூன்காரர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஆணி என்னத்தய்யா கிழிக்கும்? மனுஷன் நின்னாத்தான்யா வண்டி மெதுவாப் போகும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் லாரி ஹாரன் அலற வளைந்து, காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போயே போய்விட்டது.

ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சலூன்காரரால் சிரிக்க முடியவில்லை. கார் நின்ற அதே இடத்தில்தான் அவர் மகள் நாளைக் காலை புத்தகப் பையோடு நின்றிருப்பாள்.

"மேடாக்குங்கம்மா, முக்கைக் குறுக்குங்க. என் கடைக்கு வர்றவங்க நடந்து வரட்டும்" என்று முதல் கையைத் தூக்கினார். டீச்சர் ஊன்றுகோலைத் தூக்கினார். மளிகைக்கடைக்காரர் மூட்டைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டு, அவரும் தூக்கினார். தூக்காத ஒரே ஆள் பூமி டாக்டர்தான். அவர் சாவியைப் பிடுங்கி, காரைக் கிளப்பி முக்கைத் தாண்டியிருந்தார். படு வேகத்தில்.

கூட்டம் கலையும்போது மளிகைக்கடைக்காரர் மச்சினியிடம் மெல்ல வந்தார். இத்தனைக்குப் பிறகும் ஒரு நப்பாசை. "ஏம்மா, கதவு நிலையில அடிச்ச சின்ன ஆணி... அதாவது ஏதாச்சும் வேலை செய்யுமா?"

"நல்லாச் செய்யும்ணே. சட்டையைக் கழட்டி மாட்டலாம்" என்றாள் அவள். "தலையை மட்டும் கழட்டி மாட்டிடாதீங்க. அது யோசிக்கறதுக்கு வேணும்."