மாவுக்கட்டு நுழையாத ஸ்வெட்டர்

முனிசிங், மிச்சிகன்
செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனி ஜினெட்டுக்கு,

உன் அக்காள் கணவன் ஆர்வோ கொஸ்கெலா எழுதிக்கொண்டது. இங்கே ஏரி நலம், நாய் நலம், போன மாதம் புகைந்துகொண்டிருந்த அடுப்புகூட இப்போது நலம். டூசான் பாலைவனத்தில் நீயும் உன் கள்ளிச்செடிகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவருகிறேன். நான் பேசும்போது உன் அக்காள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அப்படித்தான் சொல்ல முடிகிறது. எழுதுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எதுவும் சரியாக இல்லை. நீ உடனே புறப்பட்டு வா.

ஆகஸ்டில் புளூபெரி பறிக்கப் போன இடத்தில் பாசிப் பாறையில் வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்து, இரண்டு மணிக்கட்டையும் உன் அக்காள் லொரெய்ன் ஒருசேர முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். வாளியிலிருந்த பழம் அவ்வளவாகச் சிந்தவில்லை என்று இன்றும் அவளுக்குப் பெருமை. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலேவரை மாவுக்கட்டு போட்டு, விரல் நுனிகளை மட்டும் வெளியே விட்டு அனுப்பினார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நான்தான். ஆகஸ்ட் முழுக்கப் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. கையில்லாத கவுனைத் தலைவழியே மாட்டிக் கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. உடுத்துவது இவ்வளவுதானா, இதற்கா கல்யாணமான நாளிலிருந்து என்னைக் காரோடு வாசலில் காக்கவைத்தாள் என்று நினைத்தேன். அந்தத் தலைக்கனத்தை ஏரிக்காற்று ஒரே காலையில் இறக்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி. கவுனை எடுத்துக்கொண்டு போனால், "இதைப் போட்டுக்கிட்டு நான் என்ன நீந்தவா போறேன்?" என்கிறாள்.

எனக்குப் பருவம் இரண்டுதான், ஜினெட். பனி தள்ளும் வண்டி ஓட்டியவனுக்கு வேறென்ன இருக்கும்? ஒன்று பனியன், இல்லாவிட்டால் பஞ்சு வைத்த கோட்டு. நடுவில் ஒரு காலம் இருக்கிறது, அதற்கென்று தனியாக உடுப்பு இருக்கிறது என்பதே உன் அக்காளைக் கட்டிக்கொண்ட பிறகு தெரிந்ததுதான். இலையுதிர் காலத்துக்கென்று என்னிடம் இருப்பது மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேற்சட்டை ஒன்றே ஒன்று. அதுவும் அழகுக்கல்ல, இன்னொருத்தன் என்னை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக. ஆனால் அவள் எப்படி என்று உனக்கே தெரியும். மேப்பிள் மரம் சிவந்தாலும் இந்த ஊரில் யாரும் கோடை முடிந்ததாக ஒத்துக்கொள்வதில்லை. லொரெய்ன் கழுத்தில் ஸ்கார்ஃப் ஏற வேண்டும். தபால் நிலையத்து பெர்னிஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் கம்பளிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவாள். இந்த வருஷம் பெர்னிஸ் இரண்டு தடவை என்னை நிறுத்தி, "என்ன ஆர்வோ, இன்னும் ஆரம்பிக்கலையா? நான் குளிர்ல விறைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று கேட்டுவிட்டாள்.

எப்படி ஆரம்பிப்பது? அலமாரியில் உள்ள எந்த உடுப்பின் கைக்குள்ளும் மாவுக்கட்டு நுழையவில்லை. முதலில் என்னுடைய ஃபிளானல் சட்டையை மாட்டிவிட்டேன். நுழைந்தது. பொத்தானும் போட்டுக் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உன் அக்காள் மேலும் கீழும் பார்த்தாள். "ஆர்வோ, இப்ப நம்ம வீட்டுல ரெண்டு பனி வண்டி டிரைவர் இருக்காங்க" என்றாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் மத்தியானம் தூங்கும்போது, எழுந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்து ஒரு வேலை செய்தேன். நீங்கள் இரண்டு பேரும் கியூபெக் போனபோது நீ வாங்கிக்கொடுத்த துருநிற ஸ்வெட்டர் இருக்கிறதல்லவா, அதை எடுத்து இரண்டு கையையும் தோள்வரை கத்தரிக்கோலால் நீளமாகப் பிளந்தேன். கட்டுக்கு மேல் போர்த்தி ஊக்குக் குத்திவிடலாம் என்று திட்டம். பின்னலை வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணி கண்ணியாகக் கழன்றுகொண்டே போயிற்று. பிடித்து முடிச்சுப் போட்டேன், இன்னோர் இடத்தில் கழன்றது. அதைப் பிடிப்பதற்குள் தொங்கிய நூலை நாய் கவ்விக்கொண்டு வாசல்வரை ஓடியது. லொரெய்ன் எழுந்து வந்தபோது நான் ஒரு பக்கத்தையும் நாய் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவள் திட்டவில்லை, ஜினெட். திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன். ஒன்றும் சொல்லாமல் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் குளியலறை அங்கிதான், அதற்கடுத்த நாளும் அதே அங்கிதான். பாட்டுக் குழுவுக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்களிடம் தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள். சூப் ஊட்டும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எதையாவது மாட்டிக்கிட்டு வாயேன் லொரெய்ன், யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"யாரும் பாக்காம இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அப்புறம்தான் அந்தக் கோட்டுக் கதையைச் சொன்னாள். சர்ச்சில் தானமாக வந்த ஒரே கோட்டைச் சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதை. "காலைப் பூசைக்கு ஜினெட் போட்டுக்கிட்டுப் போவா. அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் ஜன்னல்ல நிப்பேன். அவ கழட்டிக் குடுக்கறப்ப கோட்டு சூடா இருக்கும். ஆனா ரெண்டாவது பூசைக்கு வர்றவங்க, இதை இப்பதான இன்னொருத்தி மேல பாத்தோம்னு சிரிப்பாங்க. வேலைக்குப் போனதும் முதல்ல வாங்கினது ஒரு பச்சைக் கோட்டு. அன்னிக்குத்தான் நான் நடைபாதையில நடுவுல நடந்தேன்." இவ்வளவு வருஷத்தில் நீங்கள் இரண்டு பேருமே இதை என்னிடம் சொன்னதில்லை. கரண்டியில் இருந்த சூப் ஆறிவிட்டது. காலையில் அலமாரி முன்னால் அவள் நிற்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் பொய்.

அந்த வாரம்தான் மேவிஸ் ஹாலோரன் இறந்துபோனாள். பாட்டுக் குழுவில் இத்தனை காலமும் உன் அக்காள் பக்கத்தில் நின்று பாடியவள். அடக்கத்தின்போது லொரெய்ன் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மேவிஸ் கேட்டிருந்தாளாம், அவளுடைய மகள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். லொரெய்ன் ஜன்னலை விட்டு எழுந்தாள்.

"ஆர்வோ, அலமாரியைத் திற."

திறந்தேன். கறுப்பு உடுப்பை எடுக்கப் போனேன்.

"அதை விடு. மேவிஸுக்குக் கறுப்பைக் கண்டாலே ஆகாது. அந்த ஊதா கவுன்."

"அது கோடைக்குப் போடறதாச்சே?"

"கோடையைத் தூக்கியா எறியப்போறோம்? அதுக்கு மேலதான் அடுத்த காலத்தைப் போடணும். கம்பளி சாக்ஸ் எடு, நீளமானது."

அந்த நீளமான சாக்ஸை ஏற்றுவது இருக்கிறதே, உயிருள்ள மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றி வலைக்குள் தள்ளுவதுகூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வியர்த்து விறுவிறுத்து முழங்கால்வரை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், "குதிகால் முன்னாடி வந்திருக்கு" என்கிறாள். கழற்றி மறுபடி ஏற்றினேன். பழுப்பு பூட்ஸ். கழுத்துக்கு ஸ்கார்ஃப் கட்டினேன். "கழுத்துல கட்டச் சொன்னா கப்பலைக் கரையில கட்டற மாதிரி கட்டறியே, மூச்சு விடணும்யா நான்!" அதை அவிழ்த்துப் போட்டோம். தோளுக்கு என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, அவள் மோவாயால் சோபாவைக் காட்டினாள். அதன் மேல் கிடக்கும் பச்சைக் கம்பளிப் போர்வை. "நாய் படுக்கற பக்கத்தை உள்ள வச்சு மடி." மூலைவாட்டில் மடித்து, ஒரு நுனி முன்னால் தொங்க, இன்னொரு நுனி தோளுக்குப் பின்னால் விழ, கட்டுப் போட்ட இரண்டு கையும் அதற்குள் மறைந்துபோக, அவள் சொல்லச் சொல்ல நான் போர்த்தினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அவள் திரும்பி வந்துவிட்டாள், ஜினெட். ஒரு மாதமாக வீட்டில் இருந்தவள் வேறு யாரோ.

காரில் ஏறி இறங்கியதில் போர்வை நழுவிவிட்டது. சர்ச்சில் கோட்டு மாட்டும் அறைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி மறுபடி போர்த்தினேன். அவளுடைய அலங்கார ஊசி இவ்வளவு தடியான கம்பளிக்குத் தாங்காது என்று, வண்டியில் தார்ப்பாய் குத்த வைத்திருக்கும் பெரிய ஊக்கைக் கொண்டுவந்திருந்தேன். இடது கையை அவள் தோளைச் சுற்றிப் போட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் என் பலம் முழுவதையும் போட்டுக் குத்தினேன். உள்ளே போய் அப்படியே அணைத்தபடி உட்கார்ந்தேன். பேச அழைத்தார்கள். அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். எழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் கோட்டுக் கையையும் போர்வையோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன்!

ஒற்றைக் கையால் ஊக்கை நெம்பிப் பார்த்தேன். வளைந்துதான் போயிற்று. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் நானும் கூடவே நடந்து போய், மேவிஸின் பெட்டிக்கு முன்னால் லொரெய்ன் தோளில் கை போட்டபடி நின்றேன்.

"மேவிஸ் என்னைக்குமே சுருதிக்குக் கொஞ்சம் கீழதான் பாடுவா" என்று ஆரம்பித்தாள் உன் அக்காள். எல்லோரும் சிரித்தார்கள், மேவிஸின் மகள்தான் அதிகம் சிரித்தாள். "அவ பக்கத்துல நின்னா நாம சரியாத்தான் பாடறோம்னு ஒரு தைரியம் வரும். இனிமே நான் தப்பாப் பாடினா, அது என் தப்புன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்." அதற்கு மேல் குரல் வரவில்லை. தோள் நடுங்குவது போர்வைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைக்க அவளுக்குக் கையில்லை. என் கைக்குட்டையால் நான் துடைத்தேன், மூக்கையும். பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள். நன்றாகப் பேசினாள்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. இந்த ஊர் செப்டம்பர் தெரியுமே, காலையில் உறைபனி, மத்தியானம் பனியன். போதாததற்கு யாரோ புண்ணியவான் சர்ச் கொதிகலனையும் பற்ற வைத்துவிட்டான். உட்கார்ந்ததும், "வேர்க்குது, கழட்டு" என்று காதில் சொன்னாள். "கழட்ட முடியாது, நானும் சேர்ந்து வருவேன்" என்றேன். அவள் ஊக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று பின்வரிசையில் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு வரிசையிலும் ஒன்றாகத்தான் நகர்ந்தோம். பெர்னிஸ் கண்கலங்கி, "பாருங்க, பூசை ஆரம்பிச்சதுலேருந்து அந்த மனுஷன் கையை எடுக்கவே இல்ல. என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!" என்று தன் புருஷன் காதில் விழும்படி சொன்னாள். பிறகு, "லொரெய்ன், இந்தச் சால்வை எங்க வாங்கின?" என்றாள். "ஆர்வோவைக் கேளு" என்றாள் உன் அக்காள். "சோபாவுல" என்றேன். அது ஏதோ கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் சவப்பெட்டிக் கடைக்காரர் குறடு கொண்டுவந்து எங்களைப் பிரித்துவிட்டார். மறு ஞாயிறு சர்ச்சில் பெண்கள் நாலைந்து பேர் போர்வையோடு வந்திருந்தார்கள். ஒருத்தியுடையதில் தொழிற்சாலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு தடவை அதிர்ஷ்டத்தால் தப்பித்தவன் இரண்டாவது தடவையும் தப்பிப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அக்டோபர் வரப்போகிறது, மாவுக்கட்டு இன்னும் பிரித்தபாடில்லை, இனி ஒவ்வொரு நாளும் வேறு குளிர். என்னை நம்பி உன் அக்காளை விடாதே. உடுத்திவிடும் உத்தியோகத்திலிருந்து இந்தக் கடிதத்தின் மூலம் விலகிக்கொள்கிறேன். நீ வந்து பொறுப்பேற்றுக்கொள். வரும்போது செருப்போடு வந்து இறங்காதே.

உன் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கடவுள் உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பையும், அதற்குச் சரியாக நுழையும் சட்டைகளையும் தரட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன உன் அத்தான்,
ஆர்வோ கொஸ்கெலா

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் லொரெய்ன் வந்து, படித்துக்காட்டு என்றாள். படித்தேன். "பேனாவை எடு. நான் சொல்றதை அப்படியே எழுது, ஒரு வார்த்தை மாத்தக் கூடாது" என்றாள். எழுதுகிறேன்:

"ஜினெட், நீ வர வேணாம். ஆர்வோ எழுதியிருக்கறதெல்லாம் நடந்ததுதான். ஒண்ணே ஒண்ணு ஆர்வோவுக்குத் தெரியாது. அந்த ஊக்கு ஆர்வோ கோட்டுக் கையிலயும் ஏறினதை நான் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். மேவிஸ் பெட்டி முன்னாடி என்னால தனியா நிக்க முடியாதுன்னு தெரியும். கூட வந்து நில்லுன்னு கேக்கவும் வாய் வரல. அதனால சும்மா இருந்துட்டேன். அக்டோபருக்கு என்ன போடறதுங்கறதை நாங்க பாத்துக்கறோம்."

எழுதிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அப்ப ஏன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? உறையை ஒட்டு."

ஒட்டப் போகிறேன். நீ வர வேண்டாம், ஜினெட்.