சந்தனம் வைத்த பெட்டி

ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் துப்பறியும் வேலையைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

எழுபதுகளில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். மலைமேல் ஆபீஸ், அடிவாரத்தில் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே ரோப்வே. பாதி வழியில் கம்பி மாறும். மேல்கம்பியில் வருவதைக் கழற்றிக் கீழ்கம்பியில் மாட்டுவது என் வேலை. (யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை.)

தினமும் காலையில் ஆபீசிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கும். உள்ளே மூன்று அறைகள், மடித்த மூன்று சீட்டுகள். இடது அறையில் எத்தனையாவது லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) என்ற எண், நடுவில் சாமானின் பெயர், வலதில் எத்தனை மூட்டை. கிடங்குக் கணக்கப்பிள்ளை சுடலைமுத்து அதைப் பார்த்துச் சாமானை ஏற்றி அனுப்புவார். அவர் மகள் செல்லக்கனியை எனக்குத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து எல்லாம் கோணல். மூன்றாம் லயத்துக்கு எட்டு மூட்டை அரிசி கேட்டால், எட்டாம் லயத்துக்கு மூன்று மூட்டை போயிற்று. மூன்றாம் லயத்துப் பெண்கள் காலிப் பானைகளோடு ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

துரை (மேனேஜரை அப்படித்தான் சொல்வோம்) என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளை என்ன பண்றாருன்னு பாத்துச் சொல்லு. தப்பு அவருதுன்னா இந்த வாரமே சீட்டைக் கிழிச்சிருவேன்."

வருங்கால மாமனாரைக் காப்பாற்றக் கிளம்பினேன். என் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் மேலே நின்று பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டு நாள் கீழே நின்று பார்த்தேன். அதுவும் சரி. நான் என் இடத்துக்குத் திரும்பிய அன்றே மறுபடி கோணல். நடுச்சீட்டு மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

இவ்வளவையும் வைத்து நான் துரையிடம் சொன்னது இதுதான்: "நான் பக்கத்துல நின்னா ஒழுங்கா செய்றாருய்யா. இல்லேன்னா கவனம் இல்ல."

மறுநாள் காலை சுடலைமுத்து மூச்சிரைக்க என்னிடம் ஏறி வந்தார். துரையும் வந்தார்.

"பெட்டி வரட்டும்ல. எல்லாரும் சேந்தே பாப்போம்," என்றார் சுடலைமுத்து.

பெட்டி வந்தது. வழக்கம்போலக் கழற்றினேன், முன்பின்னாகத் திருப்பினேன், கும்பிட்டு மாட்டினேன்.

"ஏலே, இப்ப என்ன செஞ்ச?"

"மாட்டுனேன் மாமா."

"அதுக்கு முன்னால?"

"பூஜைக்கு வச்ச சந்தனம் பின்பக்கம் இருக்குல்லா. சாமி முதுகு காட்டிக்கிட்டா போறதுன்னு... தினமும் திருப்பித்தான்..."

சொல்லும்போதே இடது அறை வலது அறையாவது எனக்கும் விளங்கிவிட்டது. துரை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சாமிய முன்னால அனுப்பிட்டு என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாத்திருக்கான்," என்றார் சுடலைமுத்து.

அவர் வேலை தப்பியது. என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. கல்யாணப் போட்டோவில் மாமனார் பின்னால் நின்று என் இரண்டு தோள்களையும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் ஆசீர்வாதம் என்று நினைப்பார்கள். செல்லக்கனி விடுவதில்லை.

"திரும்பிரக் கூடாதுன்னு எங்கப்பா பிடிச்சிருக்காரு."