மூலதனம் போட்ட ஜோசப்ராஜ்

இனிமேல் கேக் பெட்டியைத் தொடுவதில்லை என்று ஜோசப்ராஜ் அன்று ஞாயிறு பூசை முடிவதற்குள் முடிவு கட்டிவிட்டார். சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுத்தபோது அது தன் முடிவுக்குக் கொடுத்த ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டார்.

மனுஷன் பாவம். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் காலமெல்லாம் கியர்பாக்ஸ் மாட்டியவர். ரிடையர் ஆன மறுநாளே மனைவி ஜெயசீலி கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, "அயனம்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வந்துடுங்க" என்றாள். போனார். வந்தார். அதற்கப்புறம் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கிறார். அவளுடைய வீட்டு கேக் வியாபாரம் ஓகோவென்று வளர்ந்தது. இவருடைய முதுகுவலியும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது.

வழி காட்டியது யூடியூப். அதில் ஒரு கண்ணாடிக்காரர் நாட்டு வரவு செலவையெல்லாம் புட்டுப்புட்டு வைத்தார். கேட்ட சூட்டோடு ஜோசப்ராஜ் காம்பவுண்டுச் சுவருக்கு ஓடி, பக்கத்து வீட்டு வேலுசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"வேலு, வெளிநாட்டுக்காரன் நம்மகிட்ட சாமான் வாங்குறான். காசு குடுக்குறான், போறான். அது நடப்புக் கணக்கு. அதே ஆளு இங்க வந்து பணத்தைப் போட்டு ஃபேக்டரி கட்டுனா?"

"இன்னா ஆவும்?"

"அது மூலதனக் கணக்கு. அவன் முதலாளி! கால் மேல கால் போட்டுக்கினு உக்காருவான். பெட்டி தூக்க மாட்டான்."

"அதுக்கும் உனுக்கும் இன்னா அண்ணாத்தே சம்பந்தம்?"

"நான் இவ்ளோ நாளா நடப்புலயே கீறேன்டா. நடந்து நடந்தே தேஞ்சுட்டேன். இன்னியிலேர்ந்து நான் மூலதனம்."

வேலுசாமிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "சூப்பரு அண்ணாத்தே" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்ட கையோடு ஜோசப்ராஜ் பேச்சை எடுத்தார்.

"ஜெயா, பெரிய ஓவன் வேணும்னியே. என் பி.எஃப். பணத்துல ரெண்டு லட்சம் போடுறேன். என்னையும் கூட்டாளியா சேத்துக்க. என் முதல்தான் பெருசு, அதனால நான்தான் முதலாளி. டெலிவரிக்கு வேற ஆள் பாத்துக்க."

இருநூறு ரூபாய் செலவுக்கே இருபது கேள்வி கேட்கிறவள், இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயசீலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதியவள் என்பதும் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைத்தது.

"சரிங்க. லாபத்துல முக்கால் பங்கு உங்களுக்கு. நஷ்டம் வந்தா அதுலயும் முக்கால் பங்கு."

"உன் கேக்குக்கு நஷ்டமா!" என்று சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

முதலாளி வாழ்க்கை ஆரம்பமானது. ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. கையில் டீ. மடியில் ஒரு தட்டு கலகலா, மைதாவில் பொரித்த இனிப்பு. வாயில் ஒன்றைப் போட்டுக் கடித்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, அது எடுப்பு."

"எது?"

"நீங்க திங்கிறது. முதலாளி எடுத்துத் தின்னா அது கம்பெனி செலவு இல்ல. உங்க மூலதனக் கணக்குலேர்ந்து கழியும்."

"கழியட்டும் கழியட்டும். ரெண்டு லட்சத்தை நான் கலகலா தின்னா தீக்கப் போறேன்?"

தின்று தீர்க்கவில்லைதான். ஆனால் வள்ளலாகிவிட்டார். கோயில் பாடகர் குழுவுக்கு இரண்டு கேக், பழைய ஃபேக்டரி நண்பர்களுக்கு ஆளுக்கு ஒன்று, வேலுசாமிக்கு வாரம் ஒன்று. "நம்ம கம்பெனிதான், சாப்பிடு!" என்று நீட்டுவார். உள்ளேயிருந்து "எடுப்பு" என்று வரும். கோயில் மணி கூட அவ்வளவு நேரம் தவறாமல் அடித்ததில்லை.

இப்படி ராஜாவாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராஜகுமாரி மேடம் வீட்டுக் கல்யாண ஆர்டர் வந்தது. நானூறு பெட்டி பிளம் கேக். வீடு முழுக்க கேக். டீவி மேல் கேக், தையல் மெஷின் மேல் கேக், ஜோசப்ராஜின் கட்டில் மேல் கேக். முதலாளி தரையில் பாய் போட்டுப் படுத்தார். லாபக் கனவில் அதுகூட சுகமாகத்தான் இருந்தது.

காலையில் ஜெயசீலி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, ராஜகுமாரி மேடம் வீட்டுக் கல்யாணம் நின்னுடுச்சாம்."

"நின்னுடுச்சா!"

"இருங்க, மீதியும் கேளுங்க. மாப்பிள்ளை கப்பல்ல வேலை பாக்குறாருல்ல..."

"கப்பல் முழுகிடுச்சா?"

"கப்பல் முழுகலீங்க. அவருக்கு..."

"நாம முழுகிட்டோம்டி!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்கு ஓடினார். வேலுசாமி பல் தேய்த்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"நஷ்டம்னா முதல் போட்டவன் தலையில தான் அண்ணாத்தே வுழும். வெள்ளானூர்ல என் தோஸ்த்து ஒருத்தன் மாவு மில்லு வெச்சான். நஷ்டம் வந்து ஊடு போச்சி, பைக்கு போச்சி. இப்ப மாமியா ஊட்ல கீறான்."

மாமியார் வீடு என்றதும் ஜோசப்ராஜ் வேலுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் இவருக்கும் கல்யாண நாளிலிருந்தே ஆகாது. வேலுசாமியை பிரஷ்ஷும் நுரையுமாக இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"ஜெயா, எனக்குக் கம்பெனி வேணாம். என் முதலைக் குடுத்துடு."

"அவசரப்படாதீங்க. நான் சொல்ல வந்ததை முழுசா..."

"ஒரு வார்த்தை பேசாத! நீ பேசப் பேச நஷ்டம் ஏறுது!"

ஜெயசீலி அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். எத்தனை பேருக்கு எத்தனை கேக் ஓசியில் போயிருக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரிங்க. உங்க எடுப்பெல்லாம் போக ஒன்றரை லட்சம் நிக்குது. இந்த நிமிஷமே தரேன். இதுக்கப்புறம் லாபமோ நஷ்டமோ, இந்த ஆர்டரோ அடுத்த ஆர்டரோ, எதுலயும் உங்களுக்குப் பங்கு இல்ல. வேலுசாமி அண்ணன் சாட்சி. சம்மதமா?"

"சம்மதம்!"

கோயிலில் தாலி கட்டும்போது கூட அவர் இவ்வளவு சத்தமாகச் சம்மதம் சொன்னதில்லை.

போன் டிங் என்றது. பணம் வந்துவிட்டது. ஜோசப்ராஜ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "மாதாவே, காப்பாத்திட்டே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஐம்பதாயிரம் வயிற்றுக்குள்ளும் ஊருக்குள்ளும் போனால் போகட்டும். வீடு தப்பித்தது. மாமியார் முகத்தில் விழிக்க வேண்டாம். இத்தனை மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து போனது போல அப்படி ஒரு நிம்மதி!

"வெளிநாட்டுப் பணம்னா இப்டித்தான் அண்ணாத்தே போல," என்றார் வேலுசாமி, நுரையைத் துடைத்துக்கொண்டே. "காத்து கொஞ்சம் மாறி அடிச்சா கெளம்பிடுது."

மத்தியானம் இரண்டு தட்டு சோறு இறங்கியது. வயிறு நிறைந்ததும் மனைவி மேல் இரக்கம் வந்தது.

"பாவம் ஜெயா நீ. இவ்ளோ நஷ்டத்துல எனக்குக் குடுக்கப் பணம் ஏது?"

"ராஜகுமாரி மேடம் குடுத்ததுதாங்க. முழுப் பணமும் போன வாரமே வந்துடுச்சே."

"கல்யாணம்தான் நின்னுடுச்சே?"

"இந்த வாரம் நின்னுது. மாப்பிள்ளை கப்பல் வந்து சேர லேட்டாவுதாம். அடுத்த வாரம் அதே மண்டபம், அதே கேக்கு. இன்னும் நூறு பெட்டி சேத்துக் கேட்டிருக்காங்க."

"அதுவரைக்கும் கேக் கெட்டுப் போகாதா?"

"பிளம் கேக்குங்க. நாளாக நாளாகத்தான் ருசி ஏறும். இதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வரேன், நீங்க எங்க விட்டீங்க?"

ஜோசப்ராஜ் கடைசிக் கவளத்தை முழுங்கினார். தண்ணீர் குடித்தார். குரலைத் தாழ்த்தி, குழைந்து, கல்யாணமான புதிதில் பேசியது போலப் பேசினார்.

"ஜெயா... அந்த ஒன்றரை லட்சத்தைத் திரும்பப் போட்டுடறேன். பழையபடி சேத்துக்கயேன்."

"மூலதனம் இப்ப நிறையவே இருக்குங்க," என்றாள் ஜெயசீலி, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தபடி. "கம்பெனிக்கு ஆள்தான் பத்தல."