மேடம் பேரு என்ன சார்?

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் பரத்வாஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் சங்கரன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. புனேயில் எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் என் மனைவியின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் பெண், "மேடம் பேரு என்ன சார்?" என்றாள். மேடம் பக்கத்திலேயே நிற்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து "இந்தா", "ஏய்", "காது கேக்கறதா" என்று கூப்பிட்டே காலம் தள்ளியவனுக்குச் சட்டென்று பெயர் எங்கிருந்து வரும்? வாய் தானாகத் திறந்து "மாளவிகா" என்றது. மாளவிகா எங்கள் மேல் ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்மணி. தண்ணீர் மோட்டாரைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் அவரிடம் பேசியதில்லை. இதை நீங்களாவது நம்ப வேண்டும். நீரஜா நம்பவில்லை. புடவையைப் போட்டது போட்டபடி வெளியே போய்விட்டாள்.

அப்போதுதான் நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பித் தள்ளும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை முதன்முறையாகத் திறந்தேன். ரத்தத்தில் டௌ என்று ஏதோ ஒரு புரதத்தைப் பார்த்தே, மறதி தலைகாட்டுவதற்குப் பல வருஷம் முன்னால் அல்ஸைமரை மோப்பம் பிடிக்கப் பார்க்கிறார்களாம். உடம்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தனி வயசாம். என் நாக்குக்கு இருபது, மூளைக்கு எண்பத்திரண்டு என்று வைத்துக்கொண்டேன். என் அப்பா கடைசி காலத்தில் என்னையே பார்த்து "சார் யாரு?" என்று கேட்டது உங்களுக்குத் தெரியுமே. ஆனால் ஒன்று, வியாதி என்றால் எனக்கு மன்னிப்பு. வியாதி இல்லையென்றால் மாளவிகா. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கபாலீஸ்வரர் சன்னிதியில் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அடையாறில் மறதி டாக்டர் ஒருவரைப் பார்க்க ஆட்டோவில் போனோம். எங்கள் சண்டையை வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்த டிரைவர் வேலு, "பேர் மறந்தா பரவால்ல சார். வேற பேர் ஞாபகம் வந்துச்சு பாரு, அதான் மேட்டரு" என்றார். நீரஜா அவருக்கு மீட்டருக்கு மேலேயே கொடுத்தாள்.

டாக்டர் என்னைக் கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்டார். பிறகு, கூட இருப்பவர்தான் சரியாகச் சொல்வார் என்று நீரஜா பக்கம் திரும்பினார். "முன்னைவிட இப்ப மறதி ஜாஸ்தியாம்மா?"

"முன்னையென்ன, இப்பென்ன டாக்டர்! அன்னிலேர்ந்து இப்படித்தான். பால் வாங்கப் போனா பேப்பரோட வருவார். என் பொறந்தநாள் தெரியாது. ஆனா தனக்கு வேணுங்கறது மட்டும் நன்னா ஞாபகம் இருக்கு."

அணை உடைந்த மாதிரி அரை மணி நேரம் பேசினாள். நான் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர், "மாற்றமே இல்லைன்னா பயமும் இல்லை சார். ரத்தப் பரிசோதனைகூட இப்ப வேண்டாம்" என்றார். ஆக, என் மூளை ஆதியிலிருந்தே இந்த லட்சணம்தான் என்று வைத்தியசாஸ்திரம் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி மாளவிகாவுக்கு நான்தான் பொறுப்பு. வீட்டில் எனக்கு ரசம் மட்டும் கிடைக்கிறது, பேச்சு கிடைப்பதில்லை. அண்ணா என்ற முறையில் நீங்கள் ஒரு போன் போட்டு எனக்காகச் சிபாரிசு செய்ய வேண்டும்.

பகவான் உங்கள் எல்லோருடைய புரதங்களையும் அளவோடு வைக்கட்டும்.

இப்படிக்கு,
மூளை சரியாக உள்ள
சங்கரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டாக்டரிடமிருந்து போன். சிபாரிசெல்லாம் வேண்டாம், முடிந்தால் நேரில் வாருங்கள். அந்த அரை மணி நேரமும் நீரஜா சொன்னது ஒரே நாலு வாக்கியம்தானாம், திரும்பத் திரும்ப. நான் கோபம் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை அவளை அழைத்துவரச் சொல்கிறார். இந்தத் தடவை, கூட இருந்து பதில் சொல்ல வேண்டியவன் நானாம்.