கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்து இடம்

முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் இறந்தவர்கள்மீது கொண்ட பாசத்தால் போகிறார்கள் என்று உலகம் நம்பி வருகிறது. இது பெரும் பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டியது. அமெரிக்காவின் ஹோலியோக் நகர நூலகத்தில் முதுகு வளையப் பழைய பதிவேடுகளைப் புரட்டும் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர், உயிரோடிருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து தப்பி வந்தவர்கள்.

ஜெரி டூஹி தப்பி வந்தது மாமியாரிடமிருந்து.

மாமியார் லொரெட்டா அம்மாளுக்குத் தொண்ணூற்றொரு வயது. முப்பது வருடமாக மகள் வீட்டு வாசம். தங்கை ஆக்னஸின் கல்யாண விருந்தில் தனக்கு மட்டும் பன்றித் தொடைக்கறி வராமல் போன கதையை வாரம் நான்கு தடவை சொல்லுவாள். மத்தியானம் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்போதுதான் பன்றி வெந்து முடியும். காகித ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று ஜெரிக்கு இடது காது செவிடாகிப்போயிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அந்தக் காதை மாமியார் பக்கம் வைத்துத்தான் உட்காருவார். அவருடைய இல்லறத்தைத் தாங்கி நின்ற தூண் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே மாமியார் அறிவித்தாள், வழக்கத்தைவிட உரக்க.

"புதுக் கல்லறைத் தோட்டத்துல மூணு குழிக்கு இடம் பேசிண்டிருக்கேன். எனக்கு, பெர்னிக்கு, மாப்பிள்ளைக்கு."

"தனித்தனியாவா அத்தை?"

"வரிசையா. ஒட்டி ஒட்டி. பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டாமா?"

ஜெரியின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. உயிரோடிருக்கும்வரை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. உயிர்த்தெழும் நாளுக்கோ திருச்சபை இன்னும் தேதி குறிக்கவில்லை.

"முடியாது!" என்றார். சொன்னது தானா என்று அவருக்கே அதிர்ச்சி. "நான் மலைமேல பழைய தோட்டத்துலதான். எங்க கொள்ளுத்தாத்தா மாரிஸ் அங்கதான் இருக்கார். அயர்லாந்துல கெர்ரியிலேர்ந்து கப்பலேறி வந்தவர். 'டூஹி'ன்னு செதுக்கின பெரிய சிலுவைக் கல்லு. பக்கத்துல மூணு இடம் இன்னும் காலி. என் ரத்தம் கூப்பிடுது."

"கூப்பிட்டா போக வேண்டியதுதான்" என்றாள் மனைவி பெர்னி. "உனக்கொண்ணு, எனக்கொண்ணு. மூணாவது?"

"அது காலியாவே இருக்கட்டும். காத்து வரும்."

நாற்பது வருடம் குடித்தனம் செய்தவன், மனைவி உடனே ஒத்துக்கொண்டால் பயப்பட வேண்டும். ஜெரி சந்தோஷப்பட்டார்.

கல்லறை அலுவலகத்தில் விதி சொன்னார்கள்: காலி இடம் வேண்டுமென்றால் முதலில் வாங்கியவரின் வாரிசு என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். ஜெரி வம்சாவளி தேடுவது எப்படி என்று ஒரு கையேடு வாங்கினார். அதன் முதல் விதி: 'உங்கள் வீட்டிலேயே மிக மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.' ஜெரி இரண்டாவது விதியிலிருந்து தொடங்கினார்.

எட்டு மாதம். பெர்னி ரொட்டிக்குள் கறி வைத்துக் கட்டிக் கொடுத்தாள். பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். பழைய மக்கள்தொகைப் பதிவில் மாரிஸ் அகப்பட்டார். மனைவியை இழந்தவர், ஆலைத் தொழிலாளி, ஜொஹானா ஹர்லி என்பவள் நடத்திய தங்கும் விடுதியில் பதினோரு பேரில் ஒருவர்.

"யாரு அந்த ஜொஹானா?" என்றாள் பெர்னி.

"யாரோ வீட்டுக்காரி."

"யாரோவா? உன் கொள்ளுத்தாத்தாவுக்கு சோறு போட்ட மகராசி! அவளையும் தேடிடேன். ஆராய்ச்சின்னா அரைகுறையாவா பண்றது?"

அரைகுறை என்ற சொல் ஜெரியைச் சுட்டுவிட்டது. ஜொஹானா வந்த கப்பலைப் பிடித்தார். கெர்ரியில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குக் கடிதம் எழுதினார். நெல் என்ற அவள் மகள், கீட்டிங் என்பவனைக் கட்டியதுவரை முத்திரையோடு நகல் வாங்கிக் கோப்பில் சேர்த்தார்.

மார்ச் மாதம் தேவாலயத்தின் பங்கு விருந்தில், முட்டைக்கோஸும் உப்புக்கறியும் உள்ளே போன தெம்பில், நாற்காலிமேல் ஏறினார். "ஃபாதர் மொய்னிஹன் சாட்சி! அந்த மண்ணு யாருதா இருந்தாலும் சரி, நான் படுக்கறது மாரிஸ் தாத்தா பக்கத்துலதான்!" நூறு பேர் கைதட்டினார்கள். பெர்னி கல்லறை இடத்துக்கான விண்ணப்பத்தை நீட்டினாள். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மூவரும் அலுவலகம் போனார்கள். மாமியார் காற்று வாங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அங்கிருந்த பெண்மணி பழைய பேரேட்டைத் திறந்தாள்.

"வாங்கினவங்க பேரு... ஜொஹானா ஹர்லி."

"என்னது? கல்லுல டூஹின்னு இருக்கேம்மா!"

"கல்லு உங்க குடும்பம் வெச்சது சார். மண்ணு அந்தம்மாவோடது. தன் விடுதியில தங்கினவங்களுக்கும் அதுலயே இடம் கொடுத்திருக்காங்க."

ஜெரிக்கு உட்கார நாற்காலி தேவைப்பட்டது. அதில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். பெர்னி அவருடைய கோப்பை வாங்கி, ஜொஹானாவின் பகுதியைப் பிரித்து மேஜைமேல் பரப்பினாள். கடைசியில் தன் கைப்பையிலிருந்து ஒரே ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள்: நெல் கீட்டிங்கின் மகள் லொரெட்டாவின் ஞானஸ்நானச் சான்று.

"இவ்வளவு சுத்தமா யாருமே நிரூபிச்சதில்லை" என்றாள் அந்தப் பெண்மணி. "மூணு இடமும் இந்தம்மாவுக்குத்தான்."

"அத்தை... ஜொஹானா உங்க பாட்டியா?"

"நாப்பது வருஷமா சொல்லிண்டிருக்கேனே மாப்பிள்ளை, எங்க பாட்டி விடுதி நடத்தினா, எங்கம்மா நெல் பாத்திரம் தேய்ச்சான்னு. நீங்க எந்தக் காதுல வாங்கினேள்?"

ஜெரி மனைவியிடம் திரும்பினார். "உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"அந்த இடத்தோட பத்திரம் அம்மாவோட தையல் டப்பாவுல இருந்துது ஜெரி. வாரிசுன்னு காட்டத்தான் காகிதம் இல்லை. அந்த நூலகத்துல போய் யாரு கண்ணைக் கெடுத்துக்கறது?"

"அப்ப அந்தப் புதுத் தோட்டத்துல மூணு குழி?"

"அதை இனிமே பேச வேண்டாம். நீதான் நூறு பேர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டியே."

உரிமையாளர் சம்மதம் என்ற கட்டத்தில் லொரெட்டா அம்மாள் நிதானமாகக் கையெழுத்திட்டாள். கீழே மூன்று குழிகளின் வரைபடம் இருந்தது. நடுக்கட்டத்தில் மாப்பிள்ளையின் பெயரையும் இடப்பக்கம் மகளின் பெயரையும் எழுதினாள்.

தன் பெயரை அவருடைய வலது காதுப் பக்கம் எழுதிக்கொண்டாள்.