ஊன்றுகோல் பிடித்த சீட்டு

ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஏதாவது ஒரு வித்தை கைவந்திருக்கும் என்று ஒரு நினைப்பு உண்டு. என் வித்தை பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பது. திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே கூட ஓடி ஜன்னலில் துண்டை வீசினால், அது நான் நினைத்த சீட்டில் போய் விழும். (இந்தக் குறி படிப்பில் இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன் என்பார் அப்பா.) எங்கள் பக்கத்தில் துண்டு விழுந்த சீட்டு பட்டா நிலம் மாதிரி. எவ்வளவு கூட்டமானாலும் அதை எடுத்துப் போட்டுவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள். இந்தத் திறமையால் ஒருமுறை என் பெண்டாட்டியின் ஆறு வருஷக் கனவுக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது கல்யாணமாகி இருபது நாள். எனக்குப் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் அனுப்புகிற ஆபீஸில் வேலை. கோகிலாவுக்கு எருமப்பட்டிக்கும் அந்தாண்டை ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை. சின்ன வயதில் போலியோ வந்ததில் இடது காலில் அவளுக்குப் பலமில்லை. தொடை வரைக்கும் காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டியிருப்பாள், வலது கையில் ஓர் ஊன்றுகோல் இருக்கும். வீட்டில் அதைக் கட்டை என்போம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே ஊரிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போய், இறங்கி ஒரு கிலோமீட்டர் நடப்பாள்.

அன்று காலை பத்து மணிக்கு நாமக்கல்லில் இடமாறுதல் கலந்தாய்வு. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரே ஓர் இடம் காலி. அந்தப் பள்ளி வாசலிலேயே டவுன் பஸ் நிற்கும். முன்னுரிமை இருப்பதால் அவள் பெயரை ஆரம்பத்திலேயே கூப்பிடுவார்கள். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"நான் தனியாவே போயிட்டு வந்தர்றேனுங்க" என்றாள்.

"அதெப்படி? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். (இதற்குப் பதில் அன்றைக்கே கிடைத்தது.)

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் ஓரமாக நின்றோம். "கூட்டமெல்லாம் ஏறட்டுமுங்க. டிரைவர்கிட்டச் சொன்னா முன்னால எடம் உடுவாங்க. நெதம் அப்படித்தான் போறேன்" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது பெண்டாட்டி அடுத்தவனிடம் சீட்டுக் கேட்பதா?

அந்த நேரம் பார்த்து அவள் காலிபரின் முழங்கால் பூட்டு கழன்றது. "இதைக் கொஞ்சம் புடிங்க" என்று கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து குனிந்தாள். நாமக்கல் பஸ் உள்ளே திரும்பியது.

அதற்கப்புறம் நடந்ததில் என் மூளைக்குச் சம்பந்தமே இல்லை. ஓடினேன். தோளைத் தடவினால் துண்டைக் காணோம். (புது மாப்பிள்ளை, இஸ்திரி போட்ட பேண்ட் சட்டை.) கையில் என்ன இருந்ததோ அதைத் தூக்கி மூன்றாவது ஜன்னலுக்குள் விட்டேன். கட்டை இரண்டு பேர் சீட்டில் நீளவாக்கில் போய் அழகாகப் படுத்துக்கொண்டது. என் ஜென்மத்தில் அப்படி ஒரு குறி விழுந்ததில்லை. பெருமையோடு அவளைத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அதற்குள் இரண்டு வாசலிலும் ஆள் தொங்க, விசில் அடித்து, பஸ் போயே போய்விட்டது.

கோகிலா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கட்டை எங்கீங்க?"

"சீட்டுப் போட்டிருக்கேன்."

"எந்த பஸ்ஸுல?"

நான் ரோட்டைக் காட்டினேன்.

"எனக்குச் சீட்டு வேண்டாமுங்க, காலு வேணும்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "ஆறு வருசமா இந்த ஒரு நாளைக்குத்தானுங்க காத்துட்டிருந்தேன்."

அடப் பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். "நான் வேணா தூக்கிக்கட்டுமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

"தொட்டீங்கன்னாத் தெரியும் சேதி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டி நேரம் குறிக்கிற டைம் கீப்பரைக் கூப்பிட்டாள். "அண்ணா, இப்பப் போன வண்டிக்கு ஒரு போன் போடுங்க. மூணாவது சீட்டுல என்ர கட்டை போகுதுங்க."

"கட்டை போகுதா? நீ ஏன் அம்மிணி போகல?"

அவள் முகவாயால் என்னைக் காட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புது மாப்பிள்ளையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

அடுத்த பஸ் வந்தது. என் தோளைப் பிடித்தபடி முன்வாசலுக்கு வந்தாள். அன்றுதான் நான் பஸ் படியையே கண்ணால் பார்த்தேன். முதல் படி என் முழங்கால் உயரம், மொத்தம் மூன்று படி. தாவியும் தொங்கியும் ஏறியே வளர்ந்த எனக்கு, படி எத்தனை என்பதே தெரியாது. கட்டை இருந்தால் அதை ஊன்றி எம்பி ஏறிவிடுவாளாம். அன்று அது நாமக்கல் போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். புதுச் சேலையோடு முதல் படியில் உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி இரண்டாம் படிக்குப் போனாள். காலிபர் காலை இரண்டு கையாலும் எடுத்து மேலே வைத்தாள். அப்புறம் மூன்றாம் படி. நிமிஷத்துக்குச் சண்டை போடுகிற தனியார் பஸ் டிரைவர், இன்ஜினையே அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் கம்பியைப் பிடித்து எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "நீங்க ஏறலீங்களா?" என்றாள்.

ஆயிரம் அடி துளை போடுகிற வண்டிகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். ஒரு மனுஷி மூன்று படி ஏறியதைப் பார்த்த பிறகு, ஜென்மத்தில் முதல் தடவையாகப் படியை எண்ணி ஏறினேன்.

நாமக்கல்லில் முதல் பஸ்ஸின் கண்டக்டர் கட்டையோடு காத்திருந்தார். "அக்கா, ஒருத்தரும் உக்காரலீங்க! அத்தன பேரும் நின்னுட்டே வந்தாங்க. போன் வந்த பொறவு சொன்னேன், ஆளு பஸ்லயே இல்லீங்க, உக்காருங்கன்னு. கட்டை கெடக்குதல்லொ, யாரோட எடமோ, இருக்கட்டும்னுட்டாங்க."

அதைக் கேட்டு ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. (பொய் சொல்வானேன்?) கோகிலா பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது.

ஆட்டோ பிடித்துக் கலந்தாய்வு நடந்த மண்டபத்தில் போய் இறங்கும்போது உள்ளே அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது வாசலிலிருந்தே, "இருக்கேனுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. பள்ளி கிடைத்துவிட்டது.

போன வருஷம் ஒரு வேலையாகச் சென்னை போயிருந்தோம். தாழ்தளப் பஸ் ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்று, புஸ்ஸென்று மூச்சு விட்டு, எங்கள் பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. "ஏனுங்க, பஸ்ஸு குனியுதுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறாமலே அதை விட்டுவிட்டாள். "இன்னொருக்கா குனியட்டுமுங்க, பாக்கோணும்." அடுத்ததும் வந்து குனிந்தது. படியே இல்லை. வீட்டுக்குள் போகிறமாதிரி நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் டவுன் பஸ்ஸில் இன்னும் அதே மூன்று படிதான். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோகிலா கோபப்படுவதில்லை, தினம் ஏறிப் போய்விட்டு வருகிறாள். ஆனால் வீட்டில் கீழே கிடக்கும் பேப்பரை எடுக்காமல் நான் தாண்டிப் போனால் போதும், அவளும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு ஆரம்பித்துவிடுகிறார்கள்: "மெட்ராஸ்ல பஸ்ஸே குனியுது, உங்களுக்கென்னங்க கேடு?"