காற்றுப் பிடிக்க வந்த லாரி

மதுரை,
28.5.2005

இல்லை மாமா, இன்னும் முடிவாகவில்லை. கரியமிலவாயுவா, அழுத்திய காற்றா என்ற இடத்திலேயே வீடு நிற்கிறது.

அன்புள்ள ராஜகுரு மாமாவுக்கு, வணக்கம் என்று தொடங்கியிருக்க வேண்டும். வணக்கம். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடது தொடையைத் தவிர. போனில் பேசலாம்தான். போனுக்குப் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார். அதனால் கடிதம்.

நீங்கள்தான் அவரைப் பெங்களூரில் பெயின்ட்பால் விளையாட அழைத்துப் போனீர்கள். சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் வளர்ந்த மனிதர்களைப் பார்த்தார். தானும் ஒருவரை முதுகில் சுட்டார். வேறு ஆளாகத் திரும்பி வந்தார். ஜவுளி கோடவுன் கட்டவென்று வண்டியூரில் வாங்கிப்போட்ட இடத்தில் வேலி அடித்தார். பத்துத் துப்பாக்கிகள் இறக்கினார். உருண்டையைத் தள்ள எந்த வாயு என்பதை மட்டும் என்னிடம் விட்டார். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் ஆயிற்றே.

எனக்குப் பூனாவில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் பதினைந்துக்குள் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. அப்பா மறுக்கவில்லை. “இத முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா” என்கிறார். முடிவதில்லை.

நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கரியமிலவாயு சிலிண்டருக்குள் பாதி திரவம். வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். தையில் இருந்த துப்பாக்கி வைகாசியில் வேறு துப்பாக்கி. விடாமல் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்துபோய் உருண்டை பாதி வழியில் விழும். காற்று அப்படியில்லை, கடைசிவரை ஒரே சீர். ஆனால் மூவாயிரம் பவுண்டு அழுத்தத்தில் நிரப்ப வேண்டும், அந்த இயந்திரம் மதுரையில் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அப்பா அறிக்கையைப் படிக்கவில்லை. லேமினேட் செய்தார்.

பிறகு கரியமிலவாயுவுக்காகக் கோரிப்பாளையத்தில் சோடா கம்பெனி வைத்திருக்கும் நூருல் அமீன் பாயிடம் போனார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். “முப்பது வருசமா இந்தக் காத்தத்தான் மதுரைக்காரன் வயித்துக்குள்ள அனுப்பிக்கிட்டிருக்கேன். ஒருத்தனும் மௌத்தானதில்ல. துப்பாக்கிக்குள்ள போனா மட்டும் கெட்டுப்போயிருமா பாப்பா?” என்றார். சிலிண்டரை மதிய வெயிலில் வைத்தார்கள். சோதனைக்கு அப்பா ஹெல்மெட்டோடு தானே நின்றார். தம்பி கார்த்திகேஷ் சுட்டான். ஒரு வாரமாக அப்பா ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறார்.

“அப்ப காத்துதான்” என்றார் படுத்தபடி. “அது ஊரெல்லாம் சும்மா கெடக்கு.”

நான் சென்னை என்றேன். அவர் அதற்குள் போர்வெல் லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரியில் பெரிய கம்ப்ரஸர் இருக்கிறதாம், பூமியையே துளைக்கிறதாம், ஒரு உருண்டையைத் தள்ளாதா என்றார். முந்நூறு பவுண்டுதான் தேறும் அப்பா என்றேன், முதலில் பூஜை என்றார், நேற்றுக் காலை லாரி வந்ததும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார், இந்த ஊரில் போர்வெல் லாரிக்கு முன்னால் தேங்காய் உடைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஒரு மாதமாகக் குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டுப் பிளாஸ்டிக் குடங்களோடு வேலிக்குள் வந்து வரிசை போட்டுவிட்டார்கள், நான் எண்ணியவரை நாற்பது குடம், முதல் குடம் முருகம்மாள் என்பவருடையது.

“எம்புட்டு அடிண்ணே போகுது?” என்றார் அவர், அப்பாவிடம்.

“அடியெல்லாம் இல்லம்மா. காத்துப் புடிக்கத்தான் வந்திருக்கு.”

“காத்துப் புடிக்க போர் லாரியா? சைக்கிள் கடைக்கு வழி தெரியலையாக்கும்!”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நிரூபிக்க வேண்டும் என்று கார்த்திகேஷைச் சுடச் சொன்னார். அவன் குறிபார்த்தான். குழலிலிருந்து உருண்டை எட்டிப் பார்த்தது. விழுந்தது. உருண்டு போய் முருகம்மாளின் குடத்தில் முட்டி நின்றது. உடையக்கூட இல்லை.

“இதுக்கு எம் மகன் கைல குடுத்தா எறிஞ்சிருப்பான்ல!”

லாரிக்காரர் சின்னக்கருப்பன் பீடியை அணைத்தார். “அண்ணே, தேங்காயும் ஒடச்சாச்சு, சனமும் கூடிருச்சு. வந்த வண்டி சும்மா போனா நல்லாவா இருக்கும்? போட்டுட்டுப் போயிரட்டுமா?”

நாற்பது குடங்களுக்கு முன்னால் அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இருநூற்று அறுபது அடியில் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வேலி ஓரமாக ஒதுங்கினோம். அதற்குள் மைதானம் முழங்கால் அளவு சேறு. அப்பாவுக்குச் சால்வை போட்டார்கள்.

இரவே பழைய கதைக்குத் திரும்பிவிட்டார். சேறு காயட்டும், அதற்குள் வேறு வாயு ஏதாவது இருக்கிறதா பார் என்கிறார்.

மாமா, ஒரு வரி போதும். “காற்றுதான், சென்னை இயந்திரம்தான், இனி வர்ஷினிக்கு இதில் வேலையில்லை” என்று எழுதுங்கள். பெங்களூரிலிருந்து வந்தால் அப்பா நம்புவார். என் மாடி அறையிலிருந்து வந்தால் நம்பமாட்டார். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். வாண்டுகளுக்கு முத்தம். மீனாட்சி உங்கள் எல்லோரையும் நல்லபடி வைத்திருக்கட்டும், முடிந்தால் என்னைப் பூனாவில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீவர்ஷினி

பின்குறிப்பு: நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். கடிதத்தை மடிப்பதற்குள் அப்பா மேலே வந்தார். துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு யாராவது சுட்டுக்கொண்டிருப்பார்களா, மீன் வளர்க்கலாம் என்றார். “தண்ணிக்குள்ள எம்புட்டு ஆக்சிஜன் இருக்கணும்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போம்மா.”

தெரியாது என்றேன். தெரியும். கீழே இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், ஜூன் பத்தாம் தேதிக்குப் பூனா டிக்கெட் எடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.